ரவுட்டர மாத்தினாலும் டிவி ஓடாது, குவெரியரப் போடுங்கோ!

இனி ஒருத்தரும் என்னட்ட வந்து "ரவுட்டர ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்கோ அண்ணை" எண்டு சொல்லக்கூடாது, சொன்னா விசர் வருது. வெள்ளவத்தையில இருக்கிற விலைவாசிக்கு மாசாமாசம் மெயின்டனன்ஸ் காசும் கட்டுறம், மொட்டைமாடியில டிஷ் பூட்டி பில்டிங்கில எல்லா வீட்டுக்கும் ஐபி டிவி, அதுதான் நெட்வேர்க் வயரால வாற டிவி, இழுத்துத் தந்திருக்கினம், முதல்ல சானல் போட்டவுடன கண்ணாடி மாதிரி வந்துது, நாலு நிமிசம் தாண்டினா படம் அப்பிடியே உறைஞ்சு நிண்டுது. அம்மா சீரியல் பாத்ததே ரிமோட்டும் கையுமாத்தான், சானல ஒருக்கா மாத்தித் திரும்பி வந்தா ஓடும், பிறகு அதே நாலு நிமிசம்.

அந்த நாலு நிமிசத்திலதானே விசயமே இருக்கு! இந்த டிவி வாறது மல்டிகாஸ்ட் எண்ட முறையில, அதில வீட்டுக்கு வீடு தனித்தனிய அனுப்புறேல்ல, 239இல தொடங்குற ஒரு குரூப் அட்ரஸுக்கு ஒரேயொரு ஸ்ட்ரீம்தான், எங்கட டிவி பெட்டி ஐஜிஎம்பி எண்ட நெட்வேர்க் பாசையில "எனக்கும் வேணும்" எண்டு ஜொயின் அனுப்பும், எல்லா வீட்டு வயரும் வந்து சேருற நெட்வேர்க் சுவிட்ச் அதை ஒட்டுக்கேட்டு (இதுதான் ஸ்னூப்பிங்) அந்த வீட்டு வயர் பூட்டியிருக்கிற போர்ட்டுக்கு மட்டும் விடும். ஆனா ஒருக்காச் சொன்னது காணாது. குவெரியர் எண்டு ஒண்டு 125 செக்கனுக்கு ஒருக்கா "இன்னும் ஆர் பாக்கிறியள்" எண்டு கேக்கவேணும், பெட்டி பதில் சொல்லவேணும், பதிலே வராட்டி 260 செக்கனில சுவிட்ச் வெட்டிப்போடும். கணக்குப் போட்டுப் பாருங்கோ, நாலு நிமிசம் இருபது செக்கன்! வழமையா அதைக் கேக்கிறது மல்டிகாஸ்ட் ரவுட்டர், எங்கட பில்டிங்கில டிவி ஓடுற விலானில, அதுதான் சுவிட்ச்சுக்குள்ள டிவிக்கெண்டு பிரிச்சு வச்ச தனி நெட்வேர்க்கில, அப்பிடி ஒண்டு இல்லவே இல்ல, கேக்க ஆளில்லாம பெட்டி எப்பிடி பதில் சொல்லும்?

இதை கொன்ட்ராக்டருக்கு எழுதியும் குடுத்தன். அவையள் செய்த வேலை என்ன தெரியுமா, ஸ்னூப்பிங்கையே நிப்பாட்டிப்போட்டுப் போட்டினம்! இப்ப நாப்பது சானலும் எல்லாப் போர்ட்டாலயும் கொட்டுது. கீழ மீட்டர் ரூமுக்குப் போய் சுவிட்ச்சப் பாத்தன், ஆரும் இல்லாம பூட்டிக்கிடக்கிற வீட்டுப் போர்ட் லைட்டும் விடாம மினுங்குது. ஒரு சானல் 5 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு மெகாபிட்) எண்டாலே 200 வருது, பெட்டியில இருக்கிறது 100 எம்பிபிஎஸ் போர்ட், அது எங்க தாங்கும்? வைஃபை இன்னும் மோசம், மல்டிகாஸ்ட் பக்கெட்ட அது ஆகக்குறைஞ்ச ஸ்பீடிலதான் அனுப்பும், 2.4 கிகாஹெர்ட்ஸில கனக்க இடத்தில 1 எம்பிபிஎஸ்தான், அதுக்குள்ள மேல் வீட்டுப் பிள்ளை ஒன்லைன் கிளாஸ் படிக்கேலாமல் அழுகுது.

ஐஜிஎம்பி 1989இல வந்த சாமான், ஸ்னூப்பிங் எப்பிடி நடக்கவேணும் எண்டு 2006இலயே ஆர்எஃப்சி 4541 எண்ட இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணத்தில எழுதி வச்சிட்டாங்கள், சுவிட்ச் வித்த காசு வாங்கின ஆக்களுக்கு அதை ஒருக்கா வாசிக்க நேரமில்லையா? மெயின் சுவிட்ச்சில ஸ்னூப்பிங்க திரும்ப ஓன் பண்ணி, ஸ்னூப்பிங் குவெரியர எனேபிள் பண்ணி, அந்த விலானுக்கு ஒரு ஐபி குடுங்கோ. அவ்வளவுதான் வேலை, ஒரு சதம் செலவில்ல. கமிட்டி ஆக்களுக்கும் சொல்லுறன், அடுத்த முறை புது ரவுட்டருக்கு எண்டு பில் கொண்டுவந்தா கையெழுத்து வைக்காதேங்கோ, லப்டொப்போட ஒரு ஆளை அனுப்பச் சொல்லுங்கோ.