எட்டு பாயின்ட்டை விடுங்க, இருபது ஃப்ரீ த்ரோவைப் பாருங்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பேஸ்கட்பால் ஆடுற பசங்க கூடுற இடத்துல லெப்ரான் ஜேம்ஸ் பேச்சு வந்தா, அமெரிக்க என்பிஏ லீக்கோட 2011 ஃபைனல் தொடரை யாராவது எடுத்துருவாங்க. அவரோட மயாமி டீம் டல்லாஸோட ஆடின நாலாவது மேட்ச், அவர் எடுத்தது எட்டே பாயின்ட். "பெரிய மேட்ச்னா பயந்துருவான்"னு தீர்ப்பும் சொல்லிருவாங்க.

அந்தத் தொடர்ல அவர் ஆட்டம் மோசம்தான். ஆனா பயம்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். முந்தின சுற்றுல சிகாகோவோட டெரிக் ரோஸை, அந்த வருஷ எம்விபியை (லீக்கோட சிறந்த ஆட்டக்காரனை), கடைசி நிமிஷங்கள்ல மடக்கினது இதே ஆள். பயந்தவன் அந்த வேலையை வாங்கிக்க மாட்டான்.

எட்டு பாயின்ட் ஒரு நாள் கணக்கு. ஆறு மேட்ச் கணக்கு இது: மொத்தம் 20 ஃப்ரீ த்ரோ, அதாவது எதிராளி ஃபவுல் பண்ணா கிடைக்கிற தனி ஷாட். லீக் ஆட்டங்கள்ல மேட்சுக்கு எட்டுக்கு மேல வாங்கினவர். 6 அடி 8 அங்குல ஆளுக்கு ஃபவுல் கிடைக்கலன்னா, ரிங் பக்கம் போகலன்னுதான் அர்த்தம்.

ஏன் போகல? டல்லாஸ் அடிக்கடி ஸோன் போட்டாங்க, அதாவது ஆளைத் துரத்தாம ஆளுக்கொரு இடத்தைக் காக்கிற தடுப்பு. ரிங்குக்குக் கீழ டைசன் சாண்ட்லர், லெப்ரான் முன்னாடி ஷான் மேரியன். பந்து பெரும்பாலும் மயாமி டீம்லயே இருந்த டுவைன் வேட் கையில. லெப்ரான் மூணு பாயின்ட் கோட்டோரம் நின்னே பந்து வாங்கினார். அங்கிருந்து ரிங் ஏழு மீட்டர். பந்தைத் தரையில ரெண்டு மூணு தடவை தட்டி டிரிபிள் போடறதுக்குள்ள ஸோன் மூடிக்கும், பந்தைத் திருப்பிக் கொடுத்துட்டு மறுபடி கோட்டுக்கே வந்துருவார். டல்லாஸோட ஜே.ஜே.பரேயா மாதிரி குள்ளமான ஆள் முன்னாடி மாட்டினப்பக்கூட முதுகைக் கொடுத்துத் தள்ளி ஆடத் தெரியல. குறை அங்கதான். அது அவரோட குறைதான், வேட் மேல போட முடியாது. வேட் அதே ஸோனுக்கு எதிரா சராசரி 26 பாயின்ட்டுக்கு மேல எடுத்தார்.

அந்தக் கோடைலயே பழைய என்பிஏ நட்சத்திரம் ஹக்கீம் ஒலாஜுவான்கிட்ட போய் போஸ்ட் ஆட்டம், அதாவது ரிங் பக்கத்துல முதுகைக் கொடுத்து ஆடுறது, பழகினார். 2012 ஃபைனல்ல அஞ்சே மேட்ச்ல 46 ஃப்ரீ த்ரோ, கோப்பை, ஃபைனல் எம்விபி. ஆள் அதேதான், பந்து வாங்கின இடம் மாறிடுச்சு.

நம்ம ஊர் டோர்னமென்ட்லயும் 2-3 ஸோனை (முன்னாடி ரெண்டு பேர், பின்னாடி மூணு பேர் நிக்கற தடுப்பு) பார்த்ததும் அஞ்சு பேரும் வெளிவட்டத்துல நின்னு பந்தைச் சுத்துறாங்க, கடைசில தூரத்துல இருந்து ஒரு ஷாட். அப்படி ஆடாதீங்க. டீம்ல நல்ல ஆட்டக்காரனை ஃப்ரீ த்ரோ கோட்டு நடுவுக்கு அனுப்புங்க, எதிரணில முன்னாடி நிக்கற ரெண்டு பேருக்குப் பின்னால. பந்து வந்ததும் டிரிபிள் போடக் கூடாது, பின்னால இருந்து தட்டிருவாங்க. தாடைக்குக் கீழ ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு, ரிங்கைப் பார்த்துத் திரும்பணும். எதிரணியோட பின்வரிசை நடு ஆள் மேல ஏறி வந்தா ரிங்குக்குக் கீழ நிக்கற நம்ம ஆளுக்கு பாஸ், ஓரத்து ஆள் உள்ள வந்தா கார்னருக்கு பாஸ். யாரும் வரலன்னா ஒரே டிரிபிள், ரிங் பக்கத்துல போய் பந்தைப் போடற லே-அப்.