உருளைக்கிழங்கு கொண்டுவந்தது யார்?

நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்தபோது டைரி எழுதி, பிடிபட்டு, முகாமில் இறந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒருவர் தவறாமல் கேட்டுவிடுகிறார்: "கடைசியில காட்டிக்கொடுத்தது யாருன்னு தெரிஞ்சுதா?" 2022 ஜனவரியில் ஒரு குழு, ஓய்வுபெற்ற எஃப்பிஐ அதிகாரியையெல்லாம் வைத்துத் துப்பறிந்து, ஒரு யூத நோட்டரியைக் கைகாட்டியது. இரண்டே மாதத்தில் டச்சு வரலாற்றாய்வாளர்கள் அந்த வாதத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். அங்கே வெளியான புத்தகத்தைப் பதிப்பகமே திரும்பப் பெற்றது. ஆனால் செத்துப்போன மனிதர் மேல் போட்ட பழி போட்டதுதான்.

1943ல் ஹாலந்தில் ஒளிந்திருந்த ஒரு யூதரைப் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு ஏழரை கில்டர் (அந்த ஊர்ப் பணம்). அதையே பிழைப்பாகச் செய்தவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் 'அந்த ஒருத்தன் யார்' என்று தேடுவதில் என்ன பெரிய மர்மம் இருக்கிறது? எனக்கு வேறு கேள்வி. இரண்டு வருஷத்துக்கு மேல் எட்டுப் பேருக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்தது? ஒரு வாரமாவது எட்டுப் பேருக்குச் சமைத்தவர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

கதை தெரிந்ததுதான். ஹிட்லர் வந்ததும் ஃபிராங்க்ஃபர்ட்டை விட்டுக் கிளம்பி ஆம்ஸ்டர்டாமில் ஒதுங்கிய குடும்பம். ஜாம் இறுகுவதற்குப் போடும் பெக்டின் விற்றார் ஆனின் அப்பா ஓட்டோ ஃபிராங்க். 1940ல் ஜெர்மன் படை அங்கேயும் வந்தது. அமெரிக்க விசாவுக்கு அலைந்தும் நடக்கவில்லை. 1942 ஜூலை 5, மூத்தவள் மார்கோட்டுக்கு வேலை முகாமுக்கு வரச்சொல்லி உத்தரவு. மறுநாள் காலையே பிரின்சன்கிராக்ட் 263ல் இருந்த தன் அலுவலகத்தின் பின்கட்டில் குடும்பத்தோடு ஒளிந்தார். பிறகு வான் பெல்ஸ் குடும்பத்தில் மூன்று பேர், கடைசியாக ஒரு பல் மருத்துவர்.

அப்போது எல்லாமே ரேஷன் கூப்பனுக்குத்தான். ஒளிந்திருப்பவருக்கு ஏது கூப்பன்? அலுவலகத்தில் வேலை பார்த்த மீப் கீஸின் கணவர் யான், எதிர்ப்பு இயக்கத்தார் மூலம் கள்ளத்தனமாக வாங்கி வந்தார். அது கையில் இருந்தாலும் பாதிக் கிணறுதான். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் இருக்கும் வீட்டுக்காரி மூட்டை மூட்டையாக வாங்கினால் கடைக்காரருக்குச் சந்தேகம் வராதா?

இங்கேதான் ஹெர்மன் வான் பெல்ஸ் என்ற மனிதரின் மூளையை மெச்சவேண்டும். ஒளிவதற்கு முன்பே, தனக்குத் தெரிந்த கசாப்புக்கடைக்கு மீப்பைக் கூடவே அழைத்துப் போவார். மீப் சும்மா ஓரமாக நிற்பார். எதற்கு இழுத்துக்கொண்டு போகிறார் என்று அப்போது புரியவில்லை. பிறகு வான் பெல்ஸ் கைப்படச் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பியபோதுதான் புரிந்தது. கசாப்புக்காரருக்கு இந்த முகம் ஏற்கனவே பழக்கம்.

காய்கறிக்கடை வான் ஹூவேயிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கை மட்டும் கூடுதலாக எடுத்து வைத்தார். அலுவலகக் கிடங்கு ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரமாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு தடவை பீன்ஸ் மூட்டையைப் பரணுக்கு ஏற்றும்போது தையல் பிரிந்து, காய்ந்த கொட்டைகள் மாடிப்படி முழுக்கக் கொட்டின. கீழே நின்ற ஆன், பீன்ஸ் கடல் நடுவே குட்டித் தீவு மாதிரி நின்றாளாம். சத்தம் கேட்டுக் கீழே இருந்தவர்கள் வீடே இடிந்து விழுகிறது என்று நினைத்தார்களாம்.

1944 மே மாதம் வான் ஹூவே கைதானார். அவர் தன் வீட்டிலேயே இரண்டு யூதர்களை மறைத்து வைத்திருந்தது அப்போதுதான் தெரியவந்தது. பின்கட்டில் சாப்பாடு குறைந்தது. ஆகஸ்ட் 4, போலீஸ் வந்தது. அதுகூட யாரும் காட்டிக்கொடுக்காமல், கள்ளக் கூப்பன் விசாரணைக்காக வந்த இடத்தில் நடந்திருக்கலாம் என்று ஆன் ஃபிராங்க் இல்லத்தின் ஆய்வு 2016ல் சொன்னது. அந்த அலுவலகத்து விற்பனையாளர் இருவர் சில மாதம் முன்பு அதே கூப்பன் விவகாரத்தில் பிடிபட்டிருந்தார்கள். எனக்கு இது நம்பும்படியாகவே படுகிறது. ஆனால் வில்லன் இல்லாத கதை யாருக்கு வேண்டும்?

மீப்பை 'வீராங்கனை' என்றால் அவருக்குப் பிடிக்காது. 100 வயது வரை மறுத்துக்கொண்டே இருந்தார். அவரே வியன்னாவில் பட்டினி கிடந்த பிள்ளை. 1920ல், 11 வயதில், உடம்பு தேறட்டும் என்று ஹாலந்துக்கு ரயிலேற்றி விட்டார்கள். ஏற்கனவே ஐந்து பிள்ளைகள் இருந்த ஒரு டச்சு வீடு ஆறாவதாக அவரைச் சேர்த்துக்கொண்டது.

1945 ஜூனில், பிடிபட்ட எட்டுப் பேரில் ஓட்டோ மட்டும் முகாமிலிருந்து உயிரோடு திரும்பி வந்தார். நேராகப் போனது மீப் வீட்டுக்கு. ஏழு வருஷம் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே இருந்தார்.