ஒரு மணி நேரம் எந்த வயதுக்கு?

"ஐந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கைப்பேசி கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது" என்று நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல. 2019 ஏப்ரலில் அந்நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்கிறது. ஒரு வயதுக் குழந்தைகளுக்கும் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஒரு மணி நேரம் என்பது இரண்டு முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட உச்சவரம்பு. அதனினும் குறைவாக இருப்பதே நல்லது என்ற வரியும் அதனுடனேயே இருக்கிறது.

உட்கார்ந்தபடி திரை பார்க்கும் நேரம், ஓடியாடுவதற்கும் உறக்கத்துக்கும் உரிய நேரத்தைத் தின்றுவிடக் கூடாது என்பதே அந்த வழிகாட்டுதலின் அக்கறை. ஒரு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை என்றும் அது குறிப்பிடுகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் இரண்டு வயதுக்குள் திரையைத் தவிர்க்கவே சொல்கிறது. உறவினருடன் எப்போதாவது காணொலி அழைப்பில் பேசுவது மட்டுமே அதற்கு விலக்கு. கைக்குழந்தை வைத்திருக்கும் பெற்றோர் உங்கள் வரியை நம்பிவிடக்கூடும் என்பதால், தயவுசெய்து அதைத் திருத்திவிடுங்கள்.