குளிகையில் கிளம்பிய சந்திரயான்

(சீர்காழி. செவ்வாய்க்கிழமை காலை. சலூன் முருகேசன் வீட்டுத் திண்ணை. பக்கத்தில் ஒரு பையில் ஐந்து எலுமிச்சம்பழம். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் வேகமாக வருகிறார். முருகேசன் அவரிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். அறிவியலில் 36 மார்க்.)

ஆசிரியர்: முருகேசா, கடையைத் திற. முடி வெட்டணும்.

முருகேசன்: இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை சார்.

ஆசிரியர்: அதனாலென்ன? நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. நான்தான் சிறப்பு விருந்தினர். ‘அறிவியல் மனப்பான்மை’ என்று தலைப்பு. அரசியல் சாசனம் 51ஏ-யிலேயே இருக்கிறது, அது ஒவ்வொரு குடிமகனின் கடமை.

முருகேசன்: அதில் செவ்வாய்க்கிழமை முடி வெட்டணும் என்று போட்டிருக்கிறதா சார்?

ஆசிரியர்: மங்கள்யானை என்ன கிழமை விட்டார்கள் தெரியுமா? 2013 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. போனதும் செவ்வாய்க்கு! ஆறு மாதத்துக்கென்று அனுப்பியது ஏழு வருடத்துக்கு மேல் உழைத்தது. நீ ஒரு கத்தரிக்கோலை எடுக்கப் பயப்படுகிறாய்.

முருகேசன்: எத்தனை மணிக்கு சார் விட்டார்கள்?

ஆசிரியர்: மதியம் 2.38.

முருகேசன்: செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்று மணிக்கு. இருபத்திரண்டு நிமிடம் முன்னாலேயே கிளப்பிவிட்டார்கள் பாருங்கள்.

ஆசிரியர்: அட, பூமியும் செவ்வாயும் தோதாக அமைவதே 26 மாதத்துக்கு ஒரு முறைதான். நேரத்தைக் குறித்தது கணக்கு.

முருகேசன்: பஞ்சாங்கமும் கணக்குதானே சார்?

ஆசிரியர்: கணக்கென்றால் விடை ஒன்றாக இருக்கணும். சனி மீனத்துக்குப் போனது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6. ஒரே சனி எப்படி இரண்டு தடவை போகும்?

முருகேசன்: நீங்கள் ரிட்டயர் ஆன தேதி ஒன்று, பென்ஷன் கைக்கு வந்த தேதி ஒன்று. ஒரே வாத்தியார்தானே?

(ஆசிரியர் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். சலூன்காரருக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஊரில் மூன்று பேப்பரையும் வரி விடாமல் படிக்கிற இடம் சலூன் ஒன்றுதான்.)

முருகேசன்: ராக்கெட் கிளம்புவதற்கு முன்னால் இஸ்ரோக்காரர்கள் குட்டி ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்குப் போகிறார்களே, ஏன்?

ஆசிரியர்: அது மனத் தைரியத்துக்கு. எரிபொருளை ரொப்புவது அவர்கள்தான், பெருமாள் இல்லை.

முருகேசன்: இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் சி-12க்கு அப்புறம் சி-14 போனது. பதின்மூன்று எங்கே சார்?

ஆசிரியர்: (இருமிக்கொண்டே) பதின்மூன்று ஆகாது என்பது வெள்ளைக்காரன் சமாச்சாரம்.

முருகேசன்: மூடநம்பிக்கையில்கூட இறக்குமதியா?

ஆசிரியர்: அதை விடு. சந்திரயான்-2க்கு என்ன சொல்கிறாய்? 2019 ஜூலை 22, திங்கட்கிழமை, மதியம் 2.43. ராகு காலமும் இல்லை, எமகண்டமும் இல்லை. விக்ரம் லேண்டர் நிலாவில் போய் விழுந்ததா இல்லையா?

முருகேசன்: (விரல் விட்டு எண்ணுகிறார்) திங்கட்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று... ஐயோ, குளிகை சார்! குளிகையில் செய்தது திரும்ப நடக்கும். பிணம்கூட எடுக்க மாட்டார்கள். அதான் 2023இல் சந்திரயான்-3 என்று திரும்ப ஒரு தடவை அனுப்ப வேண்டியதாயிற்று.

ஆசிரியர்: அந்த 2இன் ஆர்பிட்டர் பழுதில்லாமல் நிலாவைச் சுற்றிக்கொண்டே இருந்ததே, அதற்கு?

முருகேசன்: குளிகையாயிற்றே! சுற்றினதையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது.

ஆசிரியர்: எது நடந்தாலும் பொருந்துகிற மாதிரி பதில் சொன்னால் அது பதிலே இல்லையடா. தப்பாகப் போக ஒரு வழியாவது இருக்கணும். அதுதான் அறிவியல்.

முருகேசன்: அப்படித்தான் பரீட்சையில் தப்பான வழியெல்லாம் எழுதினேன். 36தானே போட்டீர்கள்?

ஆசிரியர்: உண்மையைச் சொல். செவ்வாய்க்கிழமை வெட்டினால் கெடுதல் வரும் என்று நீ நம்புகிறாயா?

முருகேசன்: (குரலைத் தாழ்த்தி) சார், ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக்கூட நேரம் இருக்காது. வாரத்தில் கால் நீட்டி உட்காருகிற நாள் இது ஒன்றுதான். ஊர் நம்புகிறவரைக்கும் எனக்கு லீவு. நீங்கள் பாட்டுக்கு நாளைக்கு மேடையேறி அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஆசிரியர்: சரி, நாளைக்குக் காலை ஆறு மணிக்காவது வெட்டு. அது இருக்கட்டும், லீவு நாளிலும் எதற்கு எலுமிச்சம்பழம்? யாருக்குத் திருஷ்டி?

முருகேசன்: அது எரிபொருள் சார். என் பையன் நாளைக் கண்காட்சிக்கு ராக்கெட் செய்கிறான். பாட்டிலில் எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் போட்டுக் கார்க்கை இறுக்கினால்...

ஆசிரியர்: கார்பன் டை ஆக்சைடு! தள்ளிக்கொண்டு கிளம்பும். பலே! எத்தனை பழம் வேணுமாம்?

முருகேசன்: நாலு.

ஆசிரியர்: ஐந்து இருக்கிறதே?

முருகேசன்: அது ராக்கெட்டுக்குக் கீழே வைக்க சார்.