வாடையில் தெப்பம் நிற்குமா?

"அண்ணா, வீட்டில் இருந்தபடியே தொண்டு நிறுவனங்களுக்குப் புரபோசல் எழுதிச் சம்பாதிக்கலாமாமே, வழி சொல்லுங்கள்" என்று இந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். நால்வரும் மறக்காமல் சேர்த்துக்கொண்டது: "எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும்."

இராமநாதபுரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்பது ஆண்டுகளாக இதே வேலையைச் செய்கிறேன்: தொண்டு நிறுவனங்கள் நிதி கேட்டு அனுப்பும் திட்ட விண்ணப்பத்தை எழுதித் தருவது. அதற்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நால்வருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்யச் சோம்பல், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் வேண்டும்தான். ஆனால் நான் எழுதியதிலேயே நல்ல ஆங்கிலம் வாய்த்த புரபோசல் எதுவோ, அதுதான் படுமுட்டாள்தனமாகவும் இருந்தது.

மண்டபம் பக்கம் முனைக்காட்டில் பெண்கள் மூங்கில் தெப்பத்தில் கடற்பாசி வளர்க்கிறார்கள். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி தெப்பம், கயிற்றில் விதைப்பாசியைக் கட்டிக் கடலில் விட்டால் 45 நாளில் அறுவடை. அவர்களுக்காக ஒரு நிறுவனத்திடம் நிதி கேட்டு எழுதினேன். கால அட்டவணையை வண்ணக் கட்டங்கள் போட்டு அமைத்திருந்தேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை முதல் காலாண்டு, அதில் 200 தெப்பங்கள் கடலில் இறங்கும். பார்க்க லட்சணமாக இருந்தது. அனுப்புவதற்கு முதல் நாள் ஒரு புகைப்படம் தேவைப்பட்டதால் ஊருக்குப் போனேன். போன இடத்தில், என்ன எழுதியிருக்கிறாய் என்று ஒரு அக்கா கேட்டார். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கயிறு முறுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே அவர் கேட்டார்: "ஐப்பசியிலேயே வாடை எடுத்துவிடுமே தம்பி, வடகடலில் தெப்பம் எப்படி நிற்கும்?"

இந்தக் கரையில் பிறந்தவன் நான். பாக் விரிகுடாவை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்லியே வளர்ந்தவன். வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்றான கச்சான் வீசினால் தென்கடல் கொந்தளிக்கும் என்பது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் எப்படியோ மறந்துபோனது. கட்டங்கள் மூன்று மூன்று மாதமாக இருந்தன, அவற்றை நிரப்பிவிட்டேன். அப்படியே அனுப்பிப் பணமும் வந்திருந்தால், மார்கழியில் உடைந்த மூங்கிலைப் பொறுக்கியிருப்பது அந்த அக்காதான், நானல்ல.

அன்றிலிருந்து எந்த புரபோசலையும் முதலில் தமிழில் எழுதுகிறேன். யாருக்காகப் பணம் கேட்கிறோமோ அவர்களிடம் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன். ஆங்கிலம் அதற்குப் பிறகுதான். இந்தத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே ரகசியம் இதுதான்.

வாசித்துக் காட்டினால் வேறொன்றும் நடக்கும், நாம் கூச வேண்டிவரும். பாம்பன் சின்னப்பாலத்தில் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி "விழிப்புணர்வற்ற, நலிந்த பிரிவினர்" என்று எழுதிக்கொண்டு போய், வாசிக்கும்போது நாக்கு எழவில்லை. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட பெண்கள் அவர்கள். அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய லட்சுமி 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் அமெரிக்காவின் சீகாலஜி பரிசைப் பெற்றார். அந்த ஊருக்குப் போய் விழிப்புணர்வு இல்லை என்று வாசிப்பதா? அந்த வரியை அடித்துவிட்டேன். பரிதாபம் காட்டினால் பணம் வரும் என்று நினைக்கிறவர்கள் நம் தொழிலில் நிறையப் பேர். வரத்தான் செய்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி காகித சமாசாரம். இங்கேதான் நீங்கள் உண்மையிலேயே சம்பளத்துக்கு உழைப்பீர்கள். ஒரு நிறுவனம் உங்களைத் தேடி வந்தால் முதலில் கோப்பைக் கேளுங்கள்: பதிவுச் சான்று, வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி சான்றுகள், நிதி ஆயோக் தளத்தில் பதிந்த தர்பன் எண், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வேண்டுமானால் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும், 2021 ஏப்ரல் முதல் அது கட்டாயம். வெளிநாட்டு நிதி என்றால் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு. அதற்கு விண்ணப்பிக்கவே நிறுவனத்துக்கு மூன்று வயதாகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்தும் இருக்க வேண்டும். முன்பெல்லாம் சென்னையில் இருக்கும் பெரிய நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி, கடற்கரையில் இருக்கும் சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 திருத்தத்தோடு அந்த வழி அடைபட்டது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பதிவே இல்லாத சங்கத்துக்கு ஒரு வெளிநாட்டு நிதியகத்தைக் காட்டி எழுதிக் கொடுத்து காசு வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அது எழுத்து வேலை அல்ல, வேறு பெயர் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் சண்டை போடக் கற்றுக்கொள்ள வேண்டும். "நிர்வாகச் செலவு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடாது, சட்டம்" என்று சமூகப் பொறுப்பு நிதி தரும் கம்பெனி அதிகாரிகள் சொல்வார்கள். அந்த ஐந்து சதவீதம் கம்பெனி தன் சமூகப் பொறுப்புப் பணியின் உள் நிர்வாகத்துக்கு வைத்துக்கொள்ளும் செலவுக்கான வரம்பு. திட்டத்தை நேரடியாக நடத்தவும் கண்காணிக்கவும் ஆகும் செலவு அதில் சேராது. விதியைப் பணிவாக எடுத்துக் காட்டினால் பாதிப் பேர் ஒப்புக்கொள்கிறார்கள். மீதிப் பேர் "எங்கள் பாலிசி" என்பார்கள். கேட்காமல் விட்டால், மீனவக் கிராமத்தில் அலைகிற களப்பணியாளர் பெட்ரோலுக்குத் தன் சம்பளத்தில் எடுப்பார்.

சம்பாதிக்கலாமா என்று கேட்டீர்களே, கூலிக்கு வருவோம். வேலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள். நிதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கூலி கூலிதான். முதல் வேலைக்கு நான் வாங்கியது 3,000 ரூபாய். இரண்டாவது வேலையில் புத்தி கெட்டு, "பணம் வந்தால் பத்து சதவீதம்" என்ற பேச்சுக்குத் தலையாட்டினேன். பணம் வந்தது. எனக்குத் தர பட்ஜெட்டில் இடமில்லை. இருக்கவும் கூடாது, அது பாசி எடுக்கும் பெண்களுக்கென்று வந்த பணம். அந்த நிறுவனத்தார் அதைப் 'பயிற்சிச் செலவு' என்று எழுதி, நடக்காத பயிற்சிக்கு வருகைப் பதிவேடு தயாரிக்கலாமா என்று என்னிடமே கேட்டார்கள். கணக்கு எழுதிய கை எனக்கு. எழுந்து வந்துவிட்டேன், காசும் போயிற்று. அமெரிக்காவில் இத்தொழில் செய்கிறவர்களின் சங்கம் சதவீதக் கூலியைத் தன் நெறிமுறையிலேயே தடை செய்திருக்கிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். முன்னமே தெரிந்திருந்தால் நான்கு மாத வாடகை மிஞ்சியிருக்கும்.

இவ்வளவையும் படித்த பிறகும் ஆசை இருந்தால் வாருங்கள். மாதா மாதம் ஒரே தொகை வராது. நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் பதில்கூட இல்லாமல் போகும். நிதியாண்டு முடியும் மார்ச்சில் தூக்கம் இருக்காது, ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலத்துக்கு விசைப்படகுகள் கரையேறுகிற சமயத்தில் நமக்கும் வேலை கரையேறிவிடும்.

போன மாதம் சின்னப்பாலத்தில் மறுபடி ஒன்றை வாசித்தேன். பாறை கிழிக்காமல் இருக்கக் கையுறை என்று பட்ஜெட்டில் ஒரு வரி. கேட்டுக்கொண்டிருந்த அக்கா தன் விரல்களை நீட்டினார். ஒவ்வொரு விரலிலும் பழைய சேலைக் கிழிசல், உப்பேறி விறைத்துப்போன சுற்று. கையுறைக்குள் தண்ணீர் புகுந்துகொள்ளும், மரிக்கொழுந்துப் பாசி விரலுக்குத் தட்டுப்படாது, துணிதான் சரி என்றார். சரி, துணி என்றே போடுவோம் என்றேன். பிறகுதான் நினைவு வந்தது: எதை வாங்கினாலும் மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். பழைய சேலைக்கு எந்தக் கடையில் போய்க் கொட்டேஷன் கேட்பது?

விவரத்தைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"அந்த வரியை அடித்துவிடு தம்பி, கிழிந்த சேலை எங்களிடமே இருக்கிறது" என்றார் அக்கா. "கண்ணாடிக்குக் கேள். தண்ணீர் புகாத கண்ணாடி."