‘வலது மூளைக் குழந்தை’ என்று யாரும் இல்லை

“கற்பனை வலது மூளையில், கணக்கு இடது மூளையில். உங்கள் பிள்ளை வலது மூளைக்காரர் என்றால் கணக்கில் வற்புறுத்தாதீர்கள்” என்ற படம் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறான தகவல்.

இந்த நம்பிக்கையின் வேர் ஓர் உண்மையான ஆய்வில் இருக்கிறது. வலிப்பு நோய்க்குச் சிகிச்சையாக, மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புக் கற்றை துண்டிக்கப்பட்டவர்களை அமெரிக்க மூளை ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்தார். 1981-ல் நோபல் பரிசும் பெற்றார். மொழி போன்ற சில பணிகள் பெரும்பாலானோருக்கு ஒரு பக்கம் சாய்ந்திருப்பது உண்மைதான். அதை வைத்து மனிதர்களையே இரண்டாகப் பிரித்தது பின்னால் வந்த மிகை. 2013-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 7 முதல் 29 வயது வரையிலான 1,011 பேரின் மூளை ஸ்கேன்களை அலசினார்கள். ஒரு பாதி மட்டும் ஓங்கி நிற்கும் மனிதர்கள் என்ற வகை தென்படவில்லை.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இப்படி முத்திரை குத்துவது கொடுமை. கணக்கு வகுப்பிலேயே கற்பனைக்கு இடம் உண்டு. “ஏழும் ஐந்தும் எத்தனை?” என்பதற்குப் பதிலாக, “விடை 12 வரும்படி நீங்களே கணக்குப் போடுங்கள்” என்று ஆசிரியர் சொல்லிப் பார்க்கட்டும். ஒரு பிள்ளை 6+6 என்று எழுதும். இன்னொன்று 3×4 என்னும். கடைசி வரிசையிலிருந்து 100−88 வரும்.