மைதானத்துக்கு முன் காணிப் பத்திரம்

யாழ்ப்பாணத்து மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து வன்னியிலும் இதே பேச்சுத்தான். அடுத்தது கிளிநொச்சிக்கா, வவுனியாவுக்கா, பெரிய போட்டி ஒன்று இந்தப் பக்கம் எப்போது வரும் என்று கழகத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்கட்டும். கிழிந்த வலையைக் கட்டிக் கட்டிக் கரப்பந்தாட்டம் ஆடும் பிள்ளைகளுக்கு நல்ல மைதானம் கிடைப்பதை நான் ஏன் எதிர்க்கப் போகிறேன்? போட்டி வருகிறது என்றால் யார் காணியை விட்டு எழும்ப வேண்டி வரும் என்பதுதான் என் கவலை.

ரியோ டி ஜெனிரோவில் 2016 ஒலிம்பிக் பூங்காவை ஒட்டி விலா ஆட்டோட்ரோமோ என்றொரு குடியிருப்பு இருந்தது. வாவியோரத்தில் மீனவர்கள் தொடங்கிய ஊர். 1990களில் மாநில அரசே அங்கிருந்தவர்களுக்குக் குடியிருப்பு உரிமைப் பத்திரம் வழங்கியிருந்தது. அப்படியிருந்தும் நூற்றுக்கணக்கான குடும்பங்களை அகற்றினார்கள். அசையமாட்டோம் என்று கடைசிவரை நின்ற 20 குடும்பங்களுக்கு மட்டும் அதே இடத்தில் வீடு கிடைத்தது. அதே ஒலிம்பிக்கில் வீரர்கள் தங்குவதற்கு எழுப்பிய 31 அடுக்குமாடித் தொகுதிகளோ, போட்டி முடிந்ததும் வசதி படைத்தவர்களுக்கு விற்பதற்கென்றே திட்டமிடப்பட்டவை.

வேறு நேரமென்றால் ஒரு காணியை எடுக்க அறிவித்தல், ஆட்சேபனை, வழக்கு என்று வருடக்கணக்காகும். போட்டிக்குத் தேதி குறித்துவிட்டால் எல்லாம் அவசரம். எதிர்த்துக் கேட்பவர் நாட்டின் மானத்தைக் கெடுப்பவர் ஆகிவிடுவார். காணி விலை ஏறும். அந்த லாபம் முன்கூட்டியே வாங்கி வைத்தவருக்குப் போகும், வாடகைக்கு இருப்பவர் ஊரின் ஓரத்துக்குத் தள்ளப்படுவார்.

பத்திரம் வைத்திருந்தவர்களுக்கே அந்தக் கதி. எங்கள் நிலைமை என்ன? வன்னியில் பெரும்பகுதி அரச காணி. பலர் பேமிட்டில், அதாவது அரச காணி அனுமதிப்பத்திரத்தில், இருக்கிறார்கள், பலரிடம் அதுவும் இல்லை. இருந்த தாள்கள் முள்ளிவாய்க்கால் வரை ஓடிய ஓட்டத்தில் தொலைந்தன. காணாமல் ஆக்கப்பட்ட கணவரின் பெயரில் இருக்கும் பேமிட்டை வைத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு அலையும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் வேலியோரம் அளவுக்கோல் வந்து நின்றால் எதைக் காட்டி மறிப்பார்கள்? போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது கேப்பாப்புலவு மக்களைச் சொந்தக் காணிக்கு விடாமல் சீனியாமோட்டையில் கொண்டுபோய் இறக்கியதை மறந்துவிட்டோமா?

மைதானம் வந்தால் ஊர் தானாக உயரும் என்பவர்கள் அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவ வரை ஒருமுறை போய்வர வேண்டும். 2011 கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்காகக் கட்டிய 35,000 பேர் அமரும் மைதானம் அங்கே இருக்கிறது. அந்த உலகக் கிண்ணத்தில் நடந்தவை இரண்டு ஆட்டங்கள். மைதானங்கள் கட்டிய கடனில் கிரிக்கெட் நிறுவனம் மூழ்கி, வீரர்களுக்கே மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியாமல் நின்றது. சுற்றியுள்ள விவசாயிக்கு அதனால் வந்தது என்ன?

எனக்கு மிகவும் பிடித்த செய்தி பிரேசிலின் சல்வடோர் நகரத்தினுடையது. அங்கே கவுப்பியை அரைத்துச் செம்பனை எண்ணெயில் பொரிக்கும் ஒரு வடை உண்டு. வெள்ளை உடுப்பும் தலைத்துணியுமாகப் பெண்கள் தெருவோரம் இருந்து விற்பார்கள். 2014 உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்துக்கு ஆயத்தமானபோது மைதானத்தைச் சூழ அனுசரணை நிறுவனங்களுக்கே வியாபாரம் என்று விதி வந்தது. அந்தப் பெண்கள் சங்கமாகத் திரண்டு, கையெழுத்துச் சேர்த்து, போராடி, மைதான வளவுக்குள்ளேயே விற்கும் உரிமையை 2013இல் வென்றெடுத்தார்கள்.

எங்கள் ஏ-9 வீதியோரத்தில் நான்கு தடி நட்டு, மேலே தகரம் போட்டு, காலையில் நான்கு மணிக்கே உழுந்து அரைத்து வடை சுடும் அக்காமார் இருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் வருகிறார் என்றாலே முதல் நாள் மாலை வந்து "கடையைக் கழற்று" என்கிறார்கள். சர்வதேசப் போட்டி என்றால் என்ன சொல்வார்கள்? அங்கே ஒரு சங்கம் இருந்தது. இங்கே அவர்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

ஆகவே வன்னியில் எந்த மைதானத்துக்கும் அடிக்கல் நாட்டும் முன், சுற்றியுள்ள குடும்பங்களின் காணிப் பத்திரங்களைக் கொடுத்து முடியுங்கள். வீதியோர வியாபாரிகளுக்கு எங்கே இடம் என்பதைத் திட்ட வரைபடத்திலேயே குறியுங்கள். போட்டி இல்லாத நாட்களில் ஊர்க் கழகங்கள் காசு கட்டாமல் விளையாடலாமா என்பதையும் இப்போதே சொல்லுங்கள். அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இவற்றை எழுத்தில் கொடுத்து, வரும் பதிலையும் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள்.